குருவானவர் இல்லாத காலம்

நம் பாட்டிமார் செபப் புத்தகத்தில் "தேவதிரவிய அனுமானங்கள்" என்று வாசித்தனர். இன்று நாம் "திருவருட்சாதனங்கள்" என்கின்றோம். பெயர் மாறினும் எண்ணிக்கை ஏழே: ஞானஸ்நானம், உறுதிபூசுதல், தேவநற்கருணை, பாவசங்கீர்த்தனம், அவஸ்தைபூசுதல், குருத்துவம், மெய்விவாகம். ஞாயிறுதோறும் கோவில் மணியோசை கேட்டுப் பழகிவிட்ட நாம் இவற்றின் அருமையை உணரவேண்டுமாயின், இவை கிட்டாதிருந்த காலமொன்றை நினைத்தல் நன்று. அக்காலம் நம் யாழ்ப்பாணத்திலேயே இருந்தது.

1658 ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைப்பட்டது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரணதண்டனை என்று ஆணை பிறந்தது. மக்கள் வீட்டினுள்ளே மறைவாகச் செபமாலை சொல்லி வந்தனர். பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானத்திற்குத் தடையில்லை. அவசர வேளையில் எவரும், ஏன், கிறீஸ்தவரல்லாதாருங்கூட, திருச்சபையின் கருத்தோடு நீர் வார்த்து உரிய வார்த்தைகளைச் சொன்னால் அது செல்லும் என்பது திருச்சபையின் போதனை.

தேவநற்கருணையும் பாவசங்கீர்த்தனமும் அவ்வாறல்ல. குருவானவர் இல்லையேல் பூசை இல்லை. மரணப்படுக்கையிற் கிடப்பவனுக்குப் பாவமன்னிப்பு அளிக்கவும், புனித தைலம் பூசவும் ஆளில்லை. உத்தம மனஸ்தாபம் உள்ளவனை இறைவன் கைவிடார் என்று திருச்சபை போதிப்பது உண்மையே. எனினும், தன் தந்தையை அவ்வாறு வழியனுப்பிய மகனுக்கு அவ்வாறுதல் போதியதாயிருந்திருக்குமா?

இந்நிலை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நீடித்தது. 1687 இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகள் ஏழைக் கூலியாளின் கோலத்தில் இங்கு வந்திறங்கினார். யார் கத்தோலிக்கர் என்று வாய்விட்டுக் கேட்டல் இயலுமா? கழுத்திற் செபமாலையுடன் வீடு வீடாகச் சென்று பிச்சை கேட்டார். அம்மாலையைக் கண்டு முகம் மாறுவோரைக் கவனித்தார். பின்னர் வலிகாமத்துச் சில்லாலையைத் தங்குமிடமாகக் கொண்டு, இரவு வேளைகளிற் பாவசங்கீர்த்தனம் கேட்டும் பூசை நிறைவேற்றியும் வந்தார்.

மக்கள் அங்குச் சென்றது ஆபத்தை அறியாமலன்று. 1689 நத்தார்ப் பூசைக்குக் கூடியோரை ஒல்லாந்தப் படையினர் வளைத்துப் பிடித்தனர். அடிகள் தப்பினார், பிடிபட்டோரிற் சிலர் கசையடி பட்டனர், அவ்வடியால் உயிர் துறந்தவரும் உண்டு. தாமே கூடிச் செபமாலை சொல்லியிருப்பின் இவ்வளவு ஆபத்து நேர்ந்திராது. தாமாகச் செய்துகொள்ள இயலாத ஒன்றை நாடியே அவர்கள் சென்றனர்.

அடிகள் 1711 இற் கண்டியிற் காலமானார். 2015 ஜனவரி 14 இல், கொழும்பு காலிமுகத்திடலில், பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். அப்பூசை பகல் வெளிச்சத்தில், திறந்த வெளியிலே, பெருந்திரளான மக்கள் முன்னிலையில் நடைபெற்றது.