ஒரு கன கெஜம் மண்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு அருகிலுள்ள கென்ட் நகரில், 2020 டிசம்பரில் ஒரு புதுவகை இறுதிச் சடங்குக் கூடம் வேலையைத் தொடங்கியது. அங்கே உடலை எரிப்பதில்லை, குழியில் இறக்குவதுமில்லை. எஃகுக் கலனுக்குள் சில வாரங்களில் அது மட்கி மண்ணாகிவிடுகிறது. வீட்டாருக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு கன கெஜம் உரமண். அதை வீட்டுத் தோட்டத்தில் மரத்தடியில் போடலாம். காட்டு நிலத்துக்குக் கொடுத்துவிடுவோரும் உண்டு.

இதைத் தொடங்கிய கத்ரீனா ஸ்பேட் கட்டடக்கலை படித்தவர். பண்ணைகளில் செத்த மாடுகளை மரச்சீவலில் மூடி மட்கவைக்கும் பழக்கம் பற்றிக் கேள்விப்பட்டதும், மனித உடலையும் மரியாதையோடு இப்படி மண்ணுக்குத் திருப்ப முடியாதா என்று யோசித்தார். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக மண்ணியல் அறிஞர் லின் கார்ப்பெண்டர்-பாக்ஸ் 2018இல் தானமாகக் கிடைத்த ஆறு உடல்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். மறு ஆண்டு மே மாதம் சட்டம் வந்தது. மனித உடலை மட்கவைக்க அனுமதித்த முதல் அமெரிக்க மாநிலம் வாஷிங்டன்தான்.

கலனுக்குள் நடப்பது என்ன? மரச்சீவல், வைக்கோல், குதிரைமசால் மூன்றையும் பரப்பி, அதன்மேல் உடலைக் கிடத்தி, மறுபடி அவற்றாலேயே மூடுகிறார்கள். உடலில் நைட்ரஜன் மிகுதி. சீவலிலும் வைக்கோலிலும் கார்பன் மிகுதி. இரண்டும் சரியான அளவில் சேர்ந்து ஈரமும் காற்றும் கிடைத்தால் பாக்டீரியாக்கள் பெருகும். அவை வெளிவிடும் வெப்பமே கலனைச் சூடாக்குகிறது. நெருப்பு மூட்ட வேண்டியதில்லை. எருக்குவியலைக் கிளறும்போது முகத்தில் அடிக்கும் ஆவியும் இதே வெப்பம்தான். நாற்றம் வராதா என்று கேட்பீர்கள். காற்றில்லாமல் அழுகும்போதுதான் கடும் நாற்றம் கிளம்பும். அதனால்தான் கலனுக்குள் காற்றை இடைவிடாமல் செலுத்துகிறார்கள், அவ்வப்போது கலனைச் சுழற்றியும் விடுகிறார்கள்.

நோய்க்கிருமி பற்றிய பயம் நியாயமானது. 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூடு தொடர்ந்து 72 மணி நேரம் இருந்தாக வேண்டும் என்பது விதி. பெரும்பாலான கிருமிகள் அதில் மடிந்துவிடும். கிடைக்கும் மண்ணில் சால்மோனெல்லாவும், ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களும் வரம்புக்குள் இருக்கின்றனவா என்றும் சோதிக்கிறார்கள். ஆனாலும் எல்லா உடலையும் ஏற்பதில்லை. க்ரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் போன்ற பிரியான் நோயால் இறந்தவர்களுக்கு இந்த வழி கிடையாது. அந்நோய்களுக்குக் காரணமான பிரியான் என்ற புரதம் இந்தச் சூட்டுக்கு அழியாது. எலும்பும் தானாக முழுதாய்க் கரைவதில்லை. அதை இயந்திரத்தில் பொடித்து மண்ணோடு கலந்து, மேலும் சில வாரம் ஆறவிடுகிறார்கள். செயற்கை மூட்டுகளைச் சலித்தெடுத்து மறுசுழற்சிக்கு அனுப்புகிறார்கள்.

அமெரிக்காவில் இதற்கு ஏன் இத்தனை தேவை என்பது அவர்களுடைய வழக்கமான அடக்கத்தைப் பார்த்தால் புரியும். உடலுக்குள் ஃபார்மால்டிஹைடு ஏற்றி, மெருகிட்ட மரப்பெட்டியிலோ உலோகப் பெட்டியிலோ வைத்து, கான்கிரீட் அறைக்குள் இறக்குவார்கள். மண்ணாக வேண்டியதை மண் தொடாமல் காப்பதற்கு இவ்வளவு பொருட்செலவு! தகனத்தில் எரிபொருள் செலவாகிறது, கரியமில வாயு வெளியேறுகிறது. மிஞ்சும் சாம்பலில் நைட்ரஜன் இல்லை. உப்பும் காரமும் மிகுதி என்பதால், குவித்துக் கொட்டினால் செடிக்குக் கெடுதல்தான்.

எதிர்ப்பும் இருக்கிறது. நியூயார்க்கில் இதேபோன்ற சட்டம் 2022 இறுதியில் ஆளுநரின் கையொப்பம் பெறுவதற்கு முன், மனித உடலைக் காய்கறிக் கழிவுபோல் நடத்துவதா என்று கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மரியாதை, உடல் போகும் வழியைவிட வழியனுப்புகிறவர்களின் கையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் கலனருகிலும் மலர் வைக்கிறார்கள், பாடுகிறார்கள், அழுகிறார்கள்.

நமக்கு எஃகுக் கலன் அவசியமில்லை. இஸ்லாமியர்களும், அடக்கம் செய்யும் மற்ற பல சமூகத்தாரும் வெறும் துணி சுற்றித்தான் மண்ணில் வைக்கிறார்கள். மேலைநாடுகளில் இன்று 'இயற்கை அடக்கம்' என்று புதிதாய்த் தேடிக் கண்டடைவது ஏறக்குறைய அதைத்தான். எரிக்கும் வழக்கமுள்ளவர்கள், ஊரில் எரிவாயுத் தகன மேடை இருந்தால் விறகைவிட அதைத் தேர்ந்தெடுக்கலாம். அடக்கம் செய்பவர்கள் பெட்டியையும் சிமென்ட் கல்லறையையும் தவிர்த்தால் பெரும் நன்மை. குழியை மூடுமுன், மேலே போர்த்திய பாலியஸ்டர் துணியையும் பிளாஸ்டிக் மாலைகளையும் எடுத்துவிடுங்கள். அவை மட்காது.