லைட்டுக்குள் தண்ணீரா? உடனே புதுசு வாங்க வேண்டாம்!



குப்பனூரில் நடந்த குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இந்த மாசத் தவணையை அடுத்த மாசம் சேர்த்துக் கட்டலாமா?" குழுக் கடனில் வாங்கிய குட்டியானை வண்டியை அவர் வீட்டுக்காரர் ஓட்டுகிறார். மழையில் ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டாராம். அதற்குள் ஒரு நாள் இரவு கொட்டச்சேடு வழியாக இறங்கும்போது, எதிரே நடந்து வந்தவர் கிட்டத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தாராம். கேட்ட எல்லோருக்கும் பகீரென்றது.

வண்டியைப் போய்ப் பார்த்தோம். பல்பு மாற்றியபோது பின்பக்க ரப்பர் மூடியைச் சரியாகப் போடாமல் விட்டிருந்தார்கள். கோளாறு அவ்வளவுதான்! காய வைத்து, மூடியை அழுத்தி மாட்டியதும் சரியாகிவிட்டது. தவணையும் தப்பியது.

ஏன் பனி படிகிறது?

குளிர்ந்த தண்ணீர் வைத்த சொம்பின் வெளியே வேர்க்கிறது அல்லவா? அதே கதைதான். லைட் எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிந்து வெளியேறும். அணைத்ததும் ஆறிச் சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இதற்காகவே லைட்டின் பின்னால் சிறிய மூச்சுத் துளை வைத்திருக்கிறார்கள். மலையில் காற்றே ஈரம். அந்த ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பனியாகப் படிகிறது.

எது சாதாரணம், எது கோளாறு?

மெல்லிய பனி படிந்து, லைட் போட்டு ஓட்டியதும் கொஞ்ச நேரத்தில் மறைந்தால் பயம் வேண்டாம். சொட்டுச் சொட்டாக ஓடினாலோ, அடியில் தண்ணீர் தேங்கினாலோ எங்கோ ஓட்டை இருக்கிறது. அப்படியே விட்டால் சாக்கெட் துருப்பிடிக்கும். உள்ளே இருக்கும் பளபளப்பான பூச்சு மங்கிப்போகும். மங்கிவிட்டால் அப்புறம் செட்டை மாற்றத்தான் வேண்டும். அதனால் தள்ளிப் போடாதீர்கள்.

செய்ய வேண்டியவை

1. லைட்டை அணைத்து நன்றாக ஆற விடுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள்.

2. சாக்கெட், ரப்பர் மூடி, பல்பு என்று வரிசையாகக் கழற்றுங்கள். ஹேலஜன் பல்பின் கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள். விரலில் உள்ள எண்ணெய்ப் பசை பட்டால் பல்பு சீக்கிரம் போய்விடும். துணியால் பிடியுங்கள்.

3. தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிட்டு வெயிலில் காய வையுங்கள். அடுப்பிலோ நெருப்பிலோ காட்டக் கூடாது, பிளாஸ்டிக் உருகிவிடும். உள்ளே துணி விட்டுத் துடைக்காதீர்கள், பூச்சு உரிந்துவிடும்.

4. தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடியுங்கள். ரப்பர் மூடி கிழிந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். மூச்சுத் துளையைச் சேறோ பூச்சிக் கூடோ அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். கண்ணாடி ஓரத்தில் இடைவெளியோ சிறு கீறலோ இருந்தால் சிலிக்கான் பசை தடவி ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள்.

5. எல்லாவற்றையும் மாட்டிய பிறகு மேலே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

இரண்டு தவறுகள் வேண்டாம். காயாமல் பசை பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். மூச்சுத் துளையைப் பசையால் அடைத்தால் நிரந்தரமாகப் பனி படியும். உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டி என்றால் நீங்களே பிரிக்காமல் கம்பெனி சர்வீசில் காட்டுங்கள்.

உயிரும் முக்கியம்

முன் விளக்கு வெளிச்சத்தில் 155 மீட்டர் முன்னால் இருக்கும் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது மோட்டார் வாகன விதி. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததை நாம் மறக்கவில்லை. ரோட்டில் கிடக்கும் கல்லை வளைவிலேயே பார்த்தால்தான் பிரேக் பிடிக்க முடியும். பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் அப்படித்தான். பின்னால் வருபவருக்கு நம் வண்டியைக் காட்டுவது அவைதான். பனிமூட்டத்தில் ஹை பீம் போடாதீர்கள். வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும். லோ பீமில் மெதுவாக வாருங்கள்.

வண்டிக் கடன் வாங்கிய உறுப்பினர்கள் ஐப்பசி பிறக்கும் முன்பே எல்லா லைட்டுகளையும் ஒருமுறை பாருங்கள். "அது ஆம்பளைங்க வேலை" என்று இருக்காதீர்கள். கடன் நம் பெயரில் இருக்கிறது. அந்த வண்டியில் வீடு திரும்புவதும் நம் வீட்டு ஆள்தான்!