விமர்சகர்கள் ஒதுக்கிய படங்களை ரசித்தல்

விமர்சகர்கள் குறைகூறி ஒதுக்கிய ஒரு திரைப்படத்தைப் பார்வையாளர் விரும்பிப் பார்ப்பதும், சலிக்காமல் திரும்பப் பார்ப்பதும் திரைப்படம் உள்ள எல்லா நாடுகளிலும் காணப்படும் வழக்கம். தமிழில் இதற்குத் தனிப்பெயர் இல்லை. 'பாமர ரசனை', 'தரை டிக்கெட் ரசனை' என்று வெளியில் நின்றவர்கள் வைத்த பெயர்களே உண்டு. அப்பெயர்களுக்குள் ஒரு தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது: படம் மோசம், ஆகவே அதை ரசிப்பவருக்கு விவரம் போதாது என்பது அத்தீர்ப்பு. திருநெல்வேலியிலும் தாமிரபரணிக் கரை ஊர்களிலும் திரைப்படம் பார்க்கப்பட்ட விதத்தைக் கவனித்தால் இத்தீர்ப்பு அவ்வளவு எளிதாக நிற்பதில்லை.

ஒரே மாதத்தில் இரண்டு நெல்லைப் படங்கள்

2018 செப்டம்பர் 21 அன்று ஹரி இயக்கத்தில் விக்ரம் நடித்த 'சாமி ஸ்கொயர்' வெளியானது. சரியாக ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 28 அன்று, மாரி செல்வராஜின் முதல் படமான 'பரியேறும் பெருமாள்' வெளியானது. இரண்டிலும் திருநெல்வேலி முக்கியமான களம். முதலாவது, 2003இல் பெருவெற்றி பெற்ற 'சாமி' படத்தின் தொடர்ச்சி. காவல்துறை அதிகாரியின் மகன் தந்தையின் இடத்துக்கு வந்து பழிதீர்க்கும் கதை. இரண்டாவது, சட்டக் கல்லூரியில் சேரும் ஒடுக்கப்பட்ட சாதி மாணவன் ஒருவன் சந்திக்கும் அவமானங்களின் கதை. விமர்சகர்கள் 'பரியேறும் பெருமாள்' படத்தைக் கொண்டாடினார்கள். பார்வையாளர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். 'சாமி ஸ்கொயர்' படத்துக்கு விமர்சனங்களில் கிடைத்தது பெரும்பாலும் ஏச்சுதான்.

அந்த ஏச்சில் திரும்பத் திரும்ப வந்த குறைகள் சில. இரைச்சல் அதிகம், வசனம் மூச்சு விடாமல் ஓடுகிறது, நகைச்சுவை ஒட்டவில்லை, முதல் படத்தின் சூட்டிலேயே குளிர்காய்கிறது, த்ரிஷா நடித்த பாத்திரத்தில் வேறு நடிகை வருகிறார், நம்பும்படி எதுவும் நடக்கவில்லை. இவை பொய்க் குற்றச்சாட்டுகள் அல்ல. படத்தைப் பிடித்துப்போனவர்களும் இவற்றை மறுப்பதில்லை. ஆனால் அவர்கள் பார்ப்பது வேறு இடத்தில். ஹரி படத்தில் ஊர்ப்பெயர்கள் வெறும் பின்னணி அல்ல. பேருந்து வழித்தடம் போல வரிசையாக உச்சரிக்கப்படும். கூட்டுக் குடும்பம், கோயில் கொடை, சீறிப் பாயும் கார்கள், அரிவாள், தென்மாவட்டப் பேச்சு எல்லாம் தவறாமல் வரும். தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் அருகிலுள்ள கச்சனாவிளையைச் சேர்ந்த ஹரிக்கு இந்த வட்டாரம் சொந்த ஊர். சென்னையை மையமாகக் கொண்ட சினிமாவில் தன் ஊர்ப்பெயர் நாயகனின் வாயில் வருவதைக் கேட்கும் மகிழ்ச்சிக்கு விமர்சகரின் மதிப்பெண் அட்டவணையில் கட்டம் கிடையாது.

தெரிந்த கதையைக் கேட்கும் பழக்கம்

'அடுத்து என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்துவிடுகிறது' என்பது மசாலாப் படங்கள் மீது வைக்கப்படும் முதல் புகார். புதுமையே கலையின் முதல் தகுதி என்ற நம்பிக்கையிலிருந்து வரும் புகார் இது. தாமிரபரணிக் கரையில் நெடுங்காலமாகக் கதை கேட்டவர்களுக்கு அந்த நம்பிக்கை இருந்ததில்லை.

சுடலைமாடன், முத்தாரம்மன் கோயில்களின் கொடை விழாவில் வில்லுப்பாட்டு நடக்கும். வில், குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை ஆகியவற்றோடு குழுவினர் இரவு முழுவதும் தெய்வத்தின் கதையைப் பாடுவார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அக்கதை பிள்ளைப் பருவத்திலிருந்தே தெரியும். முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளலாம். பிராமண குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்ற சகோதரிகளை மணக்கிறான். அதற்காகப் பூணூலைத் துறந்து செருப்புத் தைக்கிறான். மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு இறக்கிறான். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் உள்ள சொரிமுத்து ஐயனார் கோயிலில் அவன் பட்டவராயனாக வழிபடப்படுகிறான்; பக்தர்கள் அவனுக்குச் செருப்பைக் காணிக்கையாக வைக்கிறார்கள். முடிவு தெரிந்தும் ஆண்டுதோறும் கேட்பவர்கள் காத்திருப்பது முடிவுக்காக அல்ல. அவன் சாகும் இடத்தைப் பாடகர் இந்த ஆண்டு எப்படிப் பாடுகிறார் என்பதற்காக.

நாயகன் முதன்முதலாகத் திரையில் தோன்றும் காட்சிக்கும், வில்லனை நேருக்கு நேர் சந்திக்கும் காட்சிக்கும் திரையரங்கில் எழும் ஆரவாரத்தை இப்பழக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கிக்கொள்ளலாம். என்ன நடக்கும் என்பதில் ஐயமே இல்லை. எப்படி நடக்கும் என்பதில்தான் ஆவல். தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டு என்று வகுத்து, நகையும் அழுகையும் அச்சமும் பெருமிதமும் வெகுளியும் ஒரே வரிசையில் வைக்கிறது. ஒரே படத்தில் சிரிப்பு, தங்கச்சிப் பாசம், சண்டை, பாட்டு எல்லாம் கலந்து வருவதைக் கோளாறாகப் பார்ப்பதற்கு இந்த மரபில் இடம் குறைவு.

வில்லுப்பாட்டுக் கதைகளும் ஒரு காலத்தில் புலவர் உலகத்தால் பொருட்படுத்தப்படாதவைதாம். நாங்குநேரியைச் சேர்ந்த நா. வானமாமலை (1917–1980) அவற்றைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்து, 'ஆராய்ச்சி' இதழையும் நெல்லை ஆய்வுக் குழுவையும் நடத்திய பிறகே அவை பல்கலைக்கழகங்களுக்குள் கௌரவத்தோடு நுழைந்தன. இதைக் கொண்டு இன்றைய மசாலாப் படம் எல்லாம் நாளை காவியமாகும் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. மதிப்பீடுகள் இடம் மாறக்கூடியவை என்பது மட்டும் இதிலிருந்து தெரிகிறது.

கவிஞரும் ரசிகரும் ஒருவரே

கெட்ட படத்தை ரசிப்பவர் நல்லதை அறியாதவர் என்ற எண்ணத்துக்கு நெல்லையிலேயே வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. கவிஞர் கலாப்ரியா (பிறப்பு 1950) திருநெல்வேலிக்காரர். 1970களில் சிற்றிதழ்கள் வழியாக அறிமுகமாகி, தமிழ் நவீன கவிதையின் முக்கியமான குரல்களில் ஒன்றானவர். குற்றாலத்தில் கவிதைப் பட்டறைகளை முன்னின்று நடத்தியவர். அவரே தீவிரமான எம்.ஜி.ஆர் ரசிகரும்கூட. சிற்றிதழ் உலகம் வணிகப் படங்களைப் பேசத் தகாதவையாக வைத்திருந்த காலத்தில் வளர்ந்த அவர், பின்னாளில் 'நினைவின் தாழ்வாரங்கள்', 'உருள் பெருந்தேர்' முதலிய கட்டுரை நூல்களில் தம் இளமைக்கால நெல்லையையும், அதில் பிரிக்க முடியாமல் கலந்திருந்த திரையரங்குகளையும், ரசிகர்களையும் வெட்கமின்றி, மன்னிப்பும் கேட்காமல் எழுதினார். நெல்லையின் மற்றோர் எழுத்தாளரான சுகாவின் கட்டுரைகளிலும் இதே வாழ்க்கை நகைச்சுவையோடு வருகிறது.

இவர்களின் எழுத்தைப் படிக்கும்போது ஒன்று புலப்படும். ரத்னா, பார்வதி, பூர்ணகலா, பேரின்பவிலாஸ் போன்ற அரங்குகளில் 'படம்' என்பது திரையில் ஓடிய மூன்று மணி நேரம் மட்டும் அல்ல. டிக்கெட் வரிசை, இடைவேளை முறுக்கு, கூட வந்த நண்பன், வீட்டுக்குத் தெரியாமல் வந்த பயம், இரண்டாம் ஆட்டம் முடிந்து நடந்துபோன தெரு எல்லாம் சேர்ந்ததுதான் படம். விமர்சகர் பெரும்பாலும் இவற்றைக் கழித்துவிட்டு மீதியை மதிப்பிடுகிறார். அது அவர் வேலை. வேறு வழியும் இல்லை. ஆனால் அவர் கழித்துவிட்ட பகுதி பார்வையாளருக்குக் கணக்கில் பெரும்பங்கு. அண்மைக் காலத்தில் ராம் முத்துராம் திரையரங்கில் முன்னோட்டக் காட்சிக்கே கூட்டம் திரண்டு ஆடிப்பாடும் காணொளிகள் பரவியதற்கும் காரணம் இதுவே. அங்கே கொண்டாடப்படுவது இன்னும் எவரும் பார்க்காத படம்.

ஏளனத்தின் பழைய வேர்

ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1996இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பேசும் படம் வந்த காலத்தில் தமிழ் மேட்டுக்குடியினர் அடைந்த சங்கடத்தை ஆராய்ந்தார். சபாக்களில் தனித்திருந்த கலைகளும் தெருக்கூத்துக் கூட்டமும் ஒரே கூரையின் கீழ் வந்தபோது, 'நல்ல ரசனை', 'யதார்த்தம்' என்ற அளவுகோல்கள் அந்தக் கூட்டத்திலிருந்து தங்களைப் பிரித்துக் காட்டவும் பயன்பட்டன என்பது அவரது வாதம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியேர் பூர்தியு 1979இல் வெளியிட்ட ரசனை பற்றிய நூலில் சொன்னதும் ஏறக்குறைய இதுவே: எது பிடிக்கும் என்று சொல்வதன் மூலம் மனிதர் தம் சமூக இடத்தையும் சொல்லிவிடுகிறார். அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் 1969இலேயே, குப்பைப் படங்கள் தரும் இன்பத்தை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளும் நீண்ட கட்டுரை எழுதினார். குப்பையைக் கலை என்று பெயர் மாற்றி நியாயப்படுத்தத் தேவையில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அந்த நேர்மை தமிழில் இன்னும் அரிதுதான்; பிடித்த படத்தை எப்படியாவது 'குறியீடு' கண்டுபிடித்துக் காப்பாற்றும் பழக்கமே மிகுதி.

இன்னொரு வகை ரசனையும் உண்டு. 'யாருக்கு யாரோ' (2007) போன்ற படங்களை இணையத்தில் கூடிக் கலாய்த்துச் சிரிப்பது அது. விமர்சகர் வெறுத்ததை விரும்புவது போலத் தோன்றினாலும், அங்கே பார்வையாளர் படத்துக்கு மேலே நின்று குனிந்து பார்க்கிறார். முதல் நாள் முதல் காட்சியில் சீட்டி அடிப்பவர் படத்துக்குள்ளே நிற்கிறார். இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

விமர்சகரின் பக்கம்

இவ்வளவும் சொன்ன பிறகும் விமர்சகருக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அதையும் நெல்லையே காட்டுகிறது.

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆதரவாகத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின்மீது காவல்துறை தடியடி நடத்தியது. தாமிரபரணி ஆற்றில் 17 பேர் உயிரிழந்தனர். புதுமைப்பித்தன் கதை ஒன்றின் பெயர் கொண்ட 'காஞ்சனை' திரைப்பட இயக்கத்தை நெல்லையில் நடத்திவந்த ஆர்.ஆர். சீனிவாசன், இந்நிகழ்வை 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படமாக எடுத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து அதே நகரைக் களமாகக் கொண்டு 'சாமி' வந்தது. அதன் நாயகன் வில்லனைக் கொன்று செங்கல் சூளையில் எரித்துவிட்டு, அவன் தலைமறைவு என்று கணக்குக் காட்டும் காவல் அதிகாரி. ஊரே அதைக் கைதட்டிப் பார்த்தது. கைதட்டியவர்களுக்கு ஆற்றங்கரை நினைவில்லை என்று சொல்லிவிட முடியாது. நிஜக் காவல் நிலையத்தில் கிடைக்காத நீதியைத் திரைக் காவலரிடமாவது பார்க்கும் ஆசையாகவும் அது இருக்கலாம். அப்படியானால் அந்த இன்பத்துக்குள் ஒரு புண்ணும் இருக்கிறது. அதைத் தொட்டுக் காட்டுவது விமர்சனத்தின் வேலை. 'லாஜிக் இல்லை' என்ற புகார் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதே இல்லை. ஒரு படம் பிடித்திருக்கிறது என்பதற்குச் சாட்சி தேவையில்லை. அது எதைப் பழக்கப்படுத்துகிறது என்று கேட்பதற்கும் எவர் அனுமதியும் தேவையில்லை. இரண்டு கேள்விகளையும் ஒரே மதிப்பெண்ணில் அடைப்பதால்தான் ரசிகரும் விமர்சகரும் வெவ்வேறு படங்களைப் பற்றிப் பேசுவது போலச் சண்டையிடுகிறார்கள்.

2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் காவல்துறையினரால் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் சித்திரவதைக்கு உள்ளாகி உயிரிழந்தனர். ஹரியின் சொந்த வட்டாரத்தில் நிகழ்ந்தது இது. 'சாமி', 'சாமி ஸ்கொயர்', மூன்று 'சிங்கம்' படங்கள் என ஐந்து காவல்துறைப் படங்களை எடுத்திருந்த அவர், காவல்துறையைப் பெருமைப்படுத்தி அப்படங்களை எடுத்ததற்கு வேதனைப்படுவதாக அறிக்கை வெளியிட்டார். பதினேழு ஆண்டுகளாக வந்த விமர்சனங்கள் எதுவும் அவரிடமிருந்து பெறாத பதில் அது. அதன் பிறகு அவர் இயக்கிய 'யானை' (2022), 'ரத்னம்' (2024) இரண்டிலும் வேகமும் இரைச்சலும் குடும்பப் பாசமும் முன்போலவே இருந்தன. விமர்சகர்களின் குறைகளும் முன்போலவே இருந்தன. நாயகர்கள் மட்டும் காக்கிச் சட்டை அணிந்திருக்கவில்லை.