பேட்மேனை விட்டுவிட்டு வெள்ளைத்தாளுக்குத் திரும்பிய ஓவியர்!

2005-ல் வெளியான 'பேட்மேன் பிகின்ஸ்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். போலீஸ் சுற்றி வளைத்த கட்டடத்துக்குள் பேட்மேன் மாட்டிக்கொள்வார். ஒரு சின்னக் கருவியை இயக்குவார். கூட்டம் கூட்டமாக வௌவால்கள் பறந்து வரும். அந்தக் களேபரத்தில் தப்பித்துவிடுவார்.

இந்த யோசனை 18 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு காமிக்ஸில் வந்துவிட்டது. 1987-ல் நான்கு இதழ்களாக வெளியான 'பேட்மேன்: இயர் ஒன்' தொடர்தான் அது. கதை, ஃப்ராங்க் மில்லர். ஓவியம், டேவிட் மாட்ஸுகெல்லி.

அப்போது மாட்ஸுகெல்லிக்கு 30 வயதுகூட ஆகவில்லை. சூப்பர் ஹீரோ உலகின் உச்சத்தில் இருந்தார். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் ஆச்சர்யம். அந்த உலகத்தை விட்டே வெளியேறிவிட்டார்!

ஹீரோவைவிடப் பெரிய மனிதர்

1960-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிறந்தவர் மாட்ஸுகெல்லி. அங்குள்ள புகழ்பெற்ற டிசைன் கல்லூரியில் ஓவியம் படித்தார். 1980-களில் மார்வெல் நிறுவனத்தின் 'டேர்டெவில்' தொடருக்கு வரையத் தொடங்கினார். பார்வையற்ற வக்கீல் ஒருவர் இரவில் ஹீரோவாக மாறும் கதை அது. 1986-ல் மில்லரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'பார்ன் அகெய்ன்' கதையில், ஹீரோ வேலை, வீடு, நிம்மதி எல்லாவற்றையும் இழந்து தெருவுக்கு வருகிறார். இன்றுவரை பேசப்படும் கதை.

அடுத்து வந்ததுதான் 'இயர் ஒன்'. பெயருக்குத்தான் பேட்மேன் கதை. மனதில் நிற்பவர், போலீஸ் அதிகாரி ஜிம் கார்டன். லஞ்சம் ஊறிப்போன காவல்துறையில் நேர்மையாக இருக்கப் போராடுகிறார். அதே மனிதர், கர்ப்பிணி மனைவிக்குத் தெரியாமல் இன்னொரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுக்கிறார். மனைவி தூங்கிக்கொண்டிருக்க, கட்டிலின் ஓரத்தில் கையில் துப்பாக்கியோடு கார்டன் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்தால் போதும். முறுக்கேறிய தசையும் இல்லை, பறக்கும் அங்கியும் இல்லை. குனிந்த ஒரு முதுகு. அதிலேயே அவரது குற்ற உணர்வு முழுவதும் தெரிந்துவிடும். வண்ணம் தீட்டியவர், மாட்ஸுகெல்லியின் மனைவியும் ஓவியருமான ரிச்மண்ட் லூயிஸ்.

சொந்தக் காசு, சொந்தப் பத்திரிகை

அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பெரும்பாலும் கூட்டு உழைப்பில் உருவாகும். ஒருவர் கதை எழுதுவார். ஒருவர் பென்சிலால் வரைவார். இன்னொருவர் அதன்மேல் மை தீட்டுவார். வண்ணத்துக்கு ஒருவர், எழுத்துக்கு ஒருவர். இத்தனை பேர் உழைத்தாலும் பேட்மேனும் டேர்டெவிலும் நிறுவனத்தின் சொத்து.

மாட்ஸுகெல்லி போன பாதை இதற்கு நேர் எதிர். 1991-ல் மனைவியோடு சேர்ந்து 'ரப்பர் பிளாங்கெட்' என்ற பத்திரிகையைத் தானே வெளியிட்டார். ஆஃப்செட் அச்சு இயந்திரத்தில் மையைத் தாளுக்குக் கடத்தும் ரப்பர் விரிப்புக்கும் இதுதான் பெயர். வந்தது மூன்றே இதழ்கள். அதில் ஒரு கதை, கரையொதுங்கிய ராட்சத உருவம் கொண்ட ஒரு மனிதனைப் பற்றியது. அபார பலம் இருக்கிறது. ஆனால் அடித்து வீழ்த்த வில்லன் இல்லை. அப்படியொருவனைச் சாதாரண மக்கள் எப்படி எதிர்கொள்வார்கள் என்பதுதான் கதை.

பேச்சு எங்கிருந்து வருகிறது?

1994-ல், எழுத்தாளர் பால் ஆஸ்டரின் 'சிட்டி ஆஃப் கிளாஸ்' நாவலை பால் கராசிக் என்ற ஓவியரோடு சேர்ந்து காமிக்ஸாக்கினார். ராங் நம்பரில் வரும் ஒரு போன் அழைப்பால் துப்பறிவாளராக வேஷம் போடும் எழுத்தாளரின் கதை. நாவலில் சம்பவங்களைவிட மொழியைப் பற்றிய யோசனைகள்தான் அதிகம். அதை எப்படி வரைவது?

சிறுவயதில் தந்தையால் இருட்டறையில் அடைத்து வளர்க்கப்பட்ட ஒரு பாத்திரம் பேசத் தொடங்குகிறது. பேச்சுக் குமிழின் வால், வழக்கம்போல உதட்டருகே நிற்பதில்லை. வாய்க்குள் நுழைந்து தொண்டைக்குள் இறங்கிக்கொண்டே போகிறது. அந்த மனிதனின் பேச்சு எவ்வளவு ஆழமான காயத்திலிருந்து வருகிறது என்பதை, தனியாக ஒரு வரி விளக்கம் இல்லாமலே வாசகர் உணர்ந்துவிடுவார்.

ஒரு சண்டை, இரண்டு வண்ணங்கள்

2009-ல் வந்தது 'ஆஸ்டீரியோஸ் பாலிப்'. 300 பக்கங்களைத் தாண்டிய இந்த கிராஃபிக் நாவலில் கதை, ஓவியம், வண்ணம், எழுத்து எல்லாமே மாட்ஸுகெல்லிதான்.

ஆஸ்டீரியோஸ் ஒரு கட்டடக்கலைப் பேராசிரியர். விருதுகள் வாங்கியவர். ஆனால், அவர் வரைந்த ஒரு வீடுகூடக் கட்டப்பட்டதில்லை! அவரது 50-வது பிறந்தநாளில் இடி விழுந்து குடியிருப்பு எரிகிறது. கையில் அகப்பட்ட மூன்று பொருள்களோடு பஸ் ஏறி, முன்பின் தெரியாத ஊரில் கார் மெக்கானிக்கிடம் வேலைக்குச் சேர்கிறார். பிரிந்துபோன மனைவி ஹனாவின் நினைவு அவரை விடுவதாக இல்லை.

ஒவ்வொரு பாத்திரத்தின் பேச்சுக்கும் தனி எழுத்து வடிவம், தனிக் குமிழ். காதல் அரும்பும்போது ஆஸ்டீரியோஸின் நீலக் கோடுகளும் ஹனாவின் சிவப்புத் தீற்றல்களும் ஒன்றோடொன்று கலக்கின்றன. சண்டை வந்ததும் பிரிகின்றன. அவர் வெறும் நீல வடிவங்களால் ஆன பொம்மைபோல ஆகிவிடுகிறார். அவரோ சிவப்புக் கோடுகளுக்குள் ஒடுங்கிவிடுகிறார். கணவன் மனைவி சண்டையில் ஒரே அறையில் இரண்டு பேரும் வேறு வேறு உலகத்தில் இருப்பார்களே, அதை இதைவிட எளிமையாகக் காட்ட முடியுமா?

2010-ல் காமிக்ஸ் உலகின் பெருமைக்குரிய ஐஸ்னர் விருதுகளில் மூன்று இந்தப் புத்தகத்துக்குக் கிடைத்தன. 'இயர் ஒன்' வெளிவந்து அப்போது 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கைவந்த வித்தையையே திரும்பத் திரும்பச் செய்திருந்தால் மாட்ஸுகெல்லியின் பெயர் இன்னும் பல மடங்கு பிரபலமாகியிருக்கலாம். அவர் ஒவ்வொரு கதைக்கும் கோடு போடுவதைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். கட்டிலோரத்து கார்டனையும் நீலமாக மாறும் ஆஸ்டீரியோஸையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வரைந்தது ஒரே கையா என்று சந்தேகம் வரும். தப்பு செய்துவிட்டுத் தவிக்கும் மனிதனை அக்கறையோடு பார்க்கும் கண் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.