காணிப்பாக்கத்துக்கு அப்பால்

சித்தூரிலிருந்து பதினொரு கிலோமீட்டர் தூரத்தில், பாகுதா ஆற்றங்கரையில் இருக்கிறது காணிப்பாக்கம். கிணற்றில் தோன்றியவர் என்று பக்தர்கள் நம்பும் வரசித்தி விநாயகருக்கு 11ஆம் நூற்றாண்டில் முதலாம் குலோத்துங்க சோழன் கோயில் எழுப்பினான் என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பலர் இவரைக் கும்பிட்டுவிட்டு, நேரே திருமலைக்கு விரைந்துவிடுகிறார்கள்.

வழியில் சந்திரகிரியில் ஒரு மணி நேரமாவது இறங்க வேண்டும். தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு தளர்ந்த விஜயநகர அரசு, பின்னாளில் இங்கிருந்தும் ஆண்டது. மலையடிவாரத்தில் மூன்று அடுக்கு ராஜமகால் இன்னும் கம்பீரமாக நிற்கிறது. மரமே சேர்க்காமல் செங்கல், கல், சுண்ணாம்புச் சாந்தால் கட்டியது. இப்போது தொல்லியல் துறை அருங்காட்சியகம். சிலைகளைப் பார்த்துவிட்டு வளைவுகளையும் அண்ணாந்து பாருங்கள். பக்கத்திலேயே ராணிமகால்.

குழந்தைகளுக்குத் திருப்பதியில் வட்டார அறிவியல் மையமும் உயிரியல் பூங்காவும் உண்டு.

திருமலையில் கோயிலுக்கு அருகே சிலாதோரணம் இருக்கிறது. யாரும் செதுக்காத பாறை வளைவு அது. காற்றும் நீரும் அரித்தே உருவானது. மலைப்பாதை ஓரத்திலோ, அடியில் கிரானைட்டும் மேலே படிவுப் பாறையும் சேரும் கோடு தெரியும். இரண்டுக்கும் நடுவே சுமார் 80 கோடி ஆண்டு இடைவெளி. பேருந்தில் ஜன்னலோரம் இடம் பிடித்தால் அதையும் பார்த்துவிடலாம்.