வெட்கத்தால் மறைக்கப்படும் வலி

பதின்ம வயதுச் சிறுவன் ஒருவன் நள்ளிரவில் அடிவயிற்று வலியால் துடித்து வாந்தியெடுத்தால், உண்ட உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றே பெற்றோர் பலரும் எண்ணுகின்றனர். வலி உண்மையில் விதைப்பையில் இருந்தாலும் அதனை வீட்டாரிடம் கூற அவன் வெட்கப்படுகின்றான். விடியட்டும் என்று காத்திருப்பதால் அவன் ஒரு விதையையே இழக்க நேரிடலாம்.

விதையைத் தாங்கும் நாண் முறுக்கிக்கொள்ளும்போது அதனுள் செல்லும் குருதிக் குழாய்கள் நெரிபடுகின்றன. விதை பிறவியிலேயே பையினுள் உறுதியாகப் பற்றியிராதவர்களுக்கே இது பெரும்பாலும் ஏற்படுகின்றது. 12 முதல் 18 வயது வரையானோர் அதிகம் பாதிக்கப்படுகின்றனர். 6 மணித்தியாலங்களுக்குள் முறுக்கு நீக்கப்பட்டால் சுமார் 90 சதவீதமானோரின் விதை காப்பாற்றப்படுகின்றது. 12 மணித்தியாலங்கள் கடந்தால் இவ்வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகின்றது. 24 மணித்தியாலங்களின் பின்னர் மிகவும் அரிதாகின்றது.

குருதி தடைப்படுவதால் மாத்திரமன்றி, அது மீண்டும் பாய்வதாலும் சேதம் விளைகின்றது. ஒட்சிசன் இன்றித் தவித்த கலங்களில் ஹைப்போசாந்தைன் என்னும் கழிவுப்பொருள் தேங்குகின்றது. குருதியோட்டம் திரும்பியதும் உள்ளே வரும் ஒட்சிசனைக் கொண்டு நொதியம் ஒன்று இதனை மாற்றும்போது சுயாதீன மூலிகங்கள் தோன்றுகின்றன. இவை கல மென்சவ்வுகளைச் சிதைத்து, விந்தணுக்களை உருவாக்கும் கலங்களை அழிக்கின்றன.

இம்மூலிகங்களைச் செயலிழக்கச் செய்பவையே ஒட்சியேற்ற எதிரிகள். விற்றமின் ஈ, மெலற்றோனின், மஞ்சளிலுள்ள குர்குமின், கருஞ்சீரகத்திலுள்ள தைமோகுயினோன் முதலியவற்றை ஆய்வாளர்கள் எலிகளில் பரிசோதித்துள்ளனர். அவற்றைப் பெற்ற எலிகளின் விதைகளில் சேதம் குறைந்திருந்ததாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. இவை நம்பிக்கை தரும் முடிவுகளே.

ஆயினும் எலியில் கண்ட பலனை மனிதருக்கான மருந்தாகக் கொள்வது தவறாகும். ஆய்வுகூடத்தில் முறுக்கு எப்போது ஏற்பட்டது என்பது துல்லியமாகத் தெரியும். உரிய அளவு மருந்து உரிய நேரத்தில் செலுத்தப்படுகின்றது. வீட்டில் வலியுடன் கிடக்கும் சிறுவனின் நிலை அவ்வாறானதன்று. குருதியே செல்லாத இழையத்தை விழுங்கிய மாத்திரை எவ்வாறு சென்றடையும்? மஞ்சளும் கருஞ்சீரகமும் நம் இரு சமூகத்தவரின் இல்லங்களிலும் மதிக்கப்படுபவை. அவற்றை நம்பி ஒரு மணித்தியாலத்தையேனும் இழந்துவிடலாகாது என்பதே நமது கவலை.

இதற்குரிய சிகிச்சை உடனடிச் சத்திரசிகிச்சையே. முறுக்கை நீக்கும் வைத்தியர்கள், மற்றைய விதையிலும் அதே குறைபாடு இருக்கக்கூடும் என்பதால் இரண்டையும் தைத்து நிலைநிறுத்துவர். வலி தானாகத் தணிவதும் குணமடைந்ததன் அறிகுறியன்று. இழையம் இறந்துபோவதாலும் வலி அடங்கலாம்.

விதைப்பையில் திடீர் வலி ஏற்பட்டால் இரவென்றும் பாராது சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். வாகன வசதி இல்லாதோர் 1990 என்ற இலக்கத்தை அழைத்து இலவச அம்புலன்ஸ் சேவையைப் பெறலாம். அதற்கு முன்னர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. இத்தகைய வலியை மறைக்கலாகாது என்பதைத் தந்தையரும் ஆசிரியர்களும் மதரஸா உஸ்தாதுமாரும் சிறுவர்களுக்கு இன்றே வெளிப்படையாகக் கூற வேண்டும். வெட்கம் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைப் பறிக்க நாம் இடமளிக்கலாகாது.