சுழல் எந்திரத்தின் ஒலியடக்கி

மோட்டார் வண்டியின் அடியில், புழுதியும் சேறும் படிந்து கிடக்கும் உறுப்பு ஒன்று உண்டு. அதனை ஒலியடக்கி என்பர். மக்கள் சைலன்சர் என வழங்குவர். எந்திரத்தின் ஆற்றலைப் புகழ்வோர் பலர். இவ்வுறுப்பை நினைப்போர் சிலரே. ஆயினும், இதில் வெடிப்பு உண்டானால் பேரிரைச்சல் எழும். அதனுடன், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு வண்டிக்குள் புகுந்து உயிருக்கே ஊறு விளைவித்தலும் கூடும். ஆகவே, இது நீடித்து உழைத்தல் இன்றியமையாதது. சுழல் எந்திரத்தில் இப்பணி மிக அரிது. அதன் காரணத்தைக் காண்போம்.

சாதாரண எந்திரத்தில் பிஸ்டன் முன்னும் பின்னும் இயங்கும். சுழல் எந்திரத்திலோ மும்முனைச் சுழலி ஒன்று கூட்டினுள் சுழலும். ஜெர்மானியரான பெலிக்ஸ் வான்கெல் வகுத்த இவ்வகை எந்திரம், 1957ஆம் ஆண்டு என்.எஸ்.யூ. நிறுவனத்தில் முதன்முதலாக ஓடியது. ஜப்பானிய நிறுவனமாகிய மாஸ்டா, 1967ஆம் ஆண்டு காஸ்மோ ஸ்போர்ட் என்னும் வண்டியில் இரு சுழலிகளைப் பொருத்தி விற்கத் தொடங்கியது.

இவ்வெந்திரத்தில் கழிவு வாயுவைத் தடுத்து விடும் வால்வு இல்லை. தொடக்க கால வண்டிகளில் கூட்டின் வெளிச்சுவரிலேயே கழிவுவாயில் அமைந்திருந்தது. சுழலியின் முனை அதனைக் கடந்தவுடன், வாயு திடீரெனப் பீறிட்டுப் பாயும். எரியறை நீண்டும் தட்டையாகவும் இருத்தலின், எரிபொருளில் ஒரு பகுதி முற்றும் எரியாது வெளியேறிக் குழாயினுள்ளும் எரியும். கடுமையாக ஓட்டும்போது வாயுவின் வெப்பம் 900 டிகிரி செல்சியசைத் தாண்டுவதும் உண்டு. 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஆர்.எக்ஸ்-8 வண்டியில் வாயில் பக்கச்சுவருக்கு மாற்றப்பட்டது. அதனால் வாயு சற்று மெல்ல வெளியேறியது. எனினும் வெப்பத்தின் தொல்லை ஒழியவில்லை.

இத்தகைய வெப்பத்தில் சாதாரண எஃகு செதில் செதிலாக உதிரும். துருவேறா எஃகிலுள்ள குரோமியமோ மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலமாகி உலோகத்தைக் காக்கும். ஆனால் ஒரு மீட்டர் நீளமுள்ள அவ்வெஃகுக் குழாய், 800 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் நீளும். இரு முனைகளையும் இறுகப் பற்றவைத்துவிட்டால் அது நீள இடமின்றி இணைப்பைப் பிளக்கும். தண்டவாளங்களுக்கிடையே இடைவெளி விடுவது எதற்கு? வெயிலில் அவை நீள்வதற்கன்றோ? அவ்வாறே, உட்குழாயின் ஒரு முனையைப் பற்றவைத்து, மறுமுனையை வளையம் ஒன்றினுள் நகருமாறு விடுதல் வேண்டும்.

ஒலியை ஈர்க்கத் துளையிட்ட குழாயைச் சுற்றி இழைப்பொருளை அடைப்பர். வெறும் கண்ணாடி இழை கடும் வெப்பத்தில் நைந்து, வாயுவோடு பறந்துவிடும். ஆகையால், துருவேறா எஃகுக் கம்பி இழையை முதலில் சுற்றி, அதன் மேல் வெப்பம் தாங்கும் இழையை வைத்தல் நலம். எந்திரத்தின் அருகே வெற்றறை ஒன்றை அமைத்தால், வாயு அங்கே பரந்து வேகம் தணியும். பின்னுள்ள பெரிய ஒலியடக்கியின் சுமை குறையும்.

நீரும் பகையே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கும். குறுந்தொலைவே ஓடும் வண்டியில் அதில் ஒரு பகுதி குளிர்ந்து தேங்கி உலோகத்தை அரிக்கும். அடியில் சிறு துளை ஒன்று இருப்பின் அது வடிந்துவிடும்.

தடித்த தகட்டால் மட்டும் உறுதி உண்டாகாது. நீளும் உலோகத்திற்கு இடமும், பாயும் வாயுவிற்கு வெளியும், தேங்கும் நீருக்கு வழியும் அளித்த ஒலியடக்கியே நெடுநாள் உழைக்கும். பொருள்களின் இயல்பை அறிந்து அதற்கு இணங்க அமைப்பதே பொறியியலின் திறம் ஆகும்.